அம்மா படித்த ஏழாம் பாடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே நீயும் நலம் என்று போன வாரம் போனில் சொன்னாய், அந்தப் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் அம்மா உன்னைத் திட்டிவிடுவாள் என்று எழுதுகிறேன்.

உன் மாமியார் பேசும் மொழியைக் கற்றுக்கொடுக்க ஒரு மென்பொருள் செய்து, சோதித்துப் பாருங்கள் என்று எங்களுக்கும் அனுப்பினாய் அல்லவா, சில ஆயிரம் பேர் பேசுகிற மொழிக்கு இவ்வளவு மெனக்கெடலா என்று நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை, கல்யாணத்திலேர்ந்து நானும் சம்பந்தியம்மாவும் பல்லை மட்டும் காட்டிக்கிட்டிருக்கோம், இன்னும் எத்தனை நாளைக்கு என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே கணினியை வைத்துக்கொண்டாள். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டே பாடம் சொன்னால் உன் மென்பொருள் 'மீண்டும் சொல்லுங்கள்' என்கிறது, நான் சரியாத்தான் சொல்றேன், உனக்குத்தான் காது மந்தம் என்று அதனோடு ஒரே சண்டை. ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த நர்ஸிடம், 'உங்கள் ஆடு கூரைமேல் நிற்கிறது' என்று அந்த மொழியில் சொல்ல, அவர் மிரண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை தைரியமாகச் சம்பந்தியம்மாவுக்கே போன் போட்டாள். மழை வெயிலெல்லாம் விசாரித்துவிட்டு, என் மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். அந்த அம்மா, பாவம், எங்களுக்கு விஷயம் தெரியும் என்று நினைத்து மளமளவென்று பேசினார். அதில் அம்மாவுக்குப் புரிந்தது இரண்டே சொல், 'கை', 'உடைந்தது'. கை ஏழாம் பாடம், உடைந்தது ஐந்தாம் பாடத்துப் பானை. அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எந்தக் கை என்று கேட்கத் தெரியாமல், வழி விசாரிக்கும் பாடத்திலிருந்து 'இடப்பக்கமா, வலப்பக்கமா' என்று கேட்டாள், இடப்பக்கம் என்று பதில் வந்தது. மூன்று வாரமாக வீடியோ காலில் உன் கேமரா ஏன் வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதானம்மா.

கோபமில்லை என்று எழுதச் சொன்னாள், நம்பாதே. ஒரு யோசனை மட்டும் கேள், ஆட்டையும் பானையையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, 'வலிக்கிறதா', 'சாப்பிட்டாளா', 'பக்கத்தில் யார் இருக்கிறார்கள்' என்பதையெல்லாம் முதல் பாடத்தில் வை. அன்றைக்கு அதில் ஒன்றைக்கூடக் கேட்கத் தெரியாமல் அம்மா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மாவும் போனை வைக்கவில்லை.

கட்டுப் பிரிக்கும்வரை கனமாக எதையும் தூக்காதே. எலும்பு நன்றாகக் கூடி, நீயும் மாப்பிள்ளையும் நூறாண்டு சுகமாக இருங்கள். கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, கையை முதலில் காட்டு, முகத்தை அப்புறம் காட்டலாம்.

இப்படிக்கு,
உன் அப்பா