கேட்காமல் நடந்த வழி

ஜனவரி 18
சம்பா பழுத்துவிட்டது. காலையில் வயலுக்குப் போனால் வண்டித்தடத்தின் குறுக்கே மூங்கில் படல், சங்கிலி போட்டு.

தடம் என் தங்கை அம்சத்தின் வயலோரம் போகிறது. 2001 பாகப்பிரிவினையில் அவளுக்குச் சாலையோரம், எனக்கு அதற்குப் பின்னால். அன்று ஏதோ ஒரு சொல். அதிலிருந்து பேச்சில்லை. என்ன சொல் என்று நினைவில்லை. நினைவில்லையா, நினைக்கப் பயமா?

பூட்டு இல்லை. கழற்றியிருக்கலாம். வாய்க்கால் கரை வழியே சுற்றிப் போனேன்.

ஜனவரி 20
அறுவடை மெஷின் அன்சார் வந்து பார்த்தார். கரையில் மெஷின் போகாதாம். தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றார். தலையாட்டி வைத்தேன்.

ஜனவரி 21
தஞ்சாவூரில் வக்கீல் சந்திரலேகாவைப் பார்த்தேன். பத்திரத்தில் பாதை பற்றி ஒரு வரி இல்லை. சுற்றுவழி இருப்பதால் வேறு வழியே இல்லை என்றும் வாதாட முடியாது. ஆனால் இருபது வருடத்துக்கு மேல், தடையில்லாமல், யாரையும் கேட்காமல் நடந்திருந்தால் அதுவே வழியுரிமை என்றார். மண் அவளுடையது, நடப்பது என்னுடையது.

"எப்பவாவது அவங்ககிட்ட கேட்டுட்டு நடந்திருக்கீங்களா சார்?"

பேச்சே இல்லையம்மா என்றேன்.

"அதுதான் நம்ம பலம். இனிமேலும் கேட்டுடாதீங்க. கேட்டா அது உரிமை இல்ல, அவங்க குடுக்குற அனுமதி. நாளைக்கே வேணாம்னு சொல்லிடலாம்."

பஸ்ஸில் அதே நினைப்பு. இத்தனை வருட மௌனமும் என் சொத்துக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஜனவரி 23
மனு தயார். வக்கீல் கையெழுத்துக்குக் கூப்பிடுகிறார்.

அப்பா இந்த வயலில் கூலிக்கு நட்டவர். பிறகு இதையே வாங்கினார். நம்ம புள்ளைங்க எவன் வரப்புலயும் நின்னு கேக்கக் கூடாது என்பார். நான் போய்க் கேட்டால் அவருக்கு எப்படி இருக்கும்? ஆனால் அம்சமும் அவர் பிள்ளைதானே.

சின்ன வயதில் வரப்பில் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நிற்பாள். வழுக்குதுண்ணே, பாத்து வாங்க என்பாள். அப்படி யாரும் பிறகு சொன்னதில்லை.

ஜனவரி 24
போகவில்லை. வக்கீலிடமும் இல்லை, அவளிடமும் இல்லை.

ஜனவரி 25
போனேன். மோட்டார் கொட்டகை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் தூரத்தில் பார்த்த தலைதான். இவ்வளவு நரைத்தது தெரியவில்லை. ஒத்திகை பார்த்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"இந்தப் பக்கம் போகலாமா அம்சம்?"

முறம் நின்றது.

"ஆட்டுக்குப் போட்ட படலுண்ணே. ஆடுகூட ஒரு சத்தம் குடுத்துட்டுத்தான் வருது."

எழுந்து போய்ச் சங்கிலியைக் கழற்றினாள். அண்ணே என்றாள்.

ஜனவரி 28
அறுவடை முடிந்தது. வக்கீலிடம் போனில் சொன்னேன். கேட்டுட்டீங்களா சார் என்றார். அம்சத்தின் மகன் தமிழ்மாறன் நாளை தடத்தை அடைத்தால் கையில் ஒன்றுமில்லை என்றார். பயமாகத்தான் இருக்கிறது. சரியாகத்தான் செய்தேனா?

பிப்ரவரி 9
தினமும் கேட்டுவிட்டுத்தான் போகிறேன். போங்க என்பாள். இன்று முதல் முறையாக மறுத்துவிட்டாள்.

"இப்ப முடியாது. கொழம்பு கொதிக்குது. சாப்டுட்டுப் போகலாம்."

வக்கீல் சொன்னது சரிதான். எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம். நான் வயலைப் பார்க்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது.