கழுத்து நனையாத முழுக்கு

இன்று காலை தலைக்குக் குளிக்கும்போது சீயக்காய் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்தேன். அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்து, குவளையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. குளியலறைக்குள் எவ்வளவு நேரம் நின்றேனோ, வெளியே கதவைத் தட்டிவிட்டார்கள்.

புதுவாயலில் கம்பெனி பஸ் ஏறினால் கும்மிடிப்பூண்டி கேட்டில் இறங்கும்வரை நாம் சண்டை போடாத நாள் உண்டா? நான் கைக்குழந்தையாக இருந்தபோதே நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டவள். நீ கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே ஜெபக்கூடத்துக்கு வந்தவள். வந்த ஜோரில் எனக்கே பாடம் எடுத்தாய்.

"தெளிக்கிறதெல்லாம் ஞானஸ்நானம் ஆவாதுடி. முங்கணும். முங்காம செத்தா பரலோகம் இல்ல."

"சிலுவையில ஏசுவுக்குப் பக்கத்துல தொங்குனானே கள்ளன், பரலோகம் போனானே, அவன் எந்த ஏரியில முங்குனான்?"

"அவனுக்கு டைம் இல்ல. ஒனுக்கு இன்னா கேடு?" என்பாய். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இவ்வளவு பேசிய நீயே இன்னும் முழுக்கு எடுக்காதவள். வீட்டுக்காரர் மனம் இறங்கட்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தாய். அவர் ஒருவழியாகச் சரி என்று சொல்லி, பழவேற்காட்டில் முழுக்கு என்று பாஸ்டர் நாளும் குறித்த பிறகுதான் உன் கிட்னி இரண்டும் பழுது என்று தெரிந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் வைத்தார்கள். அந்த இடத்தில் தண்ணீர் பட்டால் கிருமி நேராக ரத்தத்தில் ஏறிவிடும், தலைக்குக் குளிக்கவே கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாஸ்டர் உன்னைப் பார்க்க வந்தபோது நானும் இருந்தேன். "முழுக்கு இப்ப வேணாம் சிஸ்டர். கர்த்தர் ஒங்க மனசப் பாக்குறாரு" என்றார். வாராவாரம் முழுக்கு முழுக்கு என்று மைக்கில் முழங்கியவர் பேசுகிற பேச்சா இது என்று இருந்தது எனக்கு. நீ விடவில்லை.

"மனசு போதும்னா இத்தினி வருசமா எங்களுக்கு இன்னா சொல்லிக்கினு இருந்தீங்க பாஸ்டர்?"

அவர் அவசரமாக ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பிவிட்டார். நம் பஸ் சண்டையில் நான் ஜெயித்த மாதிரிதான். ஆனால் உன் முகத்தில் அன்று பார்த்த பயத்துக்குப் பிறகு அந்த ஜெயிப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை. நீ சாவுக்குப் பயப்படவில்லை, முங்காமல் சாவதற்குப் பயந்தாய்.

தலை அரிப்பு தாங்காமல், "பேஜாரா கீதுடி, கொஞ்சம் அலசி வுடு" என்று அழுதாயே, அந்த வெள்ளிக்கிழமை ஒத்துக்கொண்டேன். உன் வீட்டுக் கட்டிலில் உன்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே பிளாஸ்டிக் தொட்டியை வைத்தேன். கழுத்தைப் பிளாஸ்டிக் கவராலும் துண்டாலும் சுற்றினேன். ஒரு கையில் குவளை, மறு கை துண்டின்மேல். தலையெல்லாம் சீயக்காய் ஷாம்பு நுரை. நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"மூணு நாமத்தையும் சொல்லி ஊத்துடி."

"நான் இன்னா பாஸ்டரா?" என்றேன்.

"எனுக்கும் டைம் இல்லடி" என்றாய்.

சொன்னேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. ஒவ்வொரு நாமத்துக்கும் ஒரு குவளை ஊற்றினேன். கழுத்துப் பக்கம் ஒரு சொட்டுப் போகவிடவில்லை. தலையைத் துவட்டும்போது, "இது செல்லுமாடி?" என்று கேட்டாய்.

"செல்லும்."

"ஊத்துன நீயே முங்காதவ, எப்டி செல்லும்?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். நோய் வந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை காலை டயாலிசிஸ் கட்டிலிலேயே உன் மூச்சு நின்றது. செய்தி கேட்டு ஓடிவந்தவளுக்கு அழுகை வரவில்லை. நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "கழுத்துக் கட்டு நனைஞ்சி இருந்திச்சா?" என்றுதான் கேட்டேன். "இல்லம்மா, நல்லா காஞ்சிதான் இருந்திச்சி. ஜொரம்கூட இல்ல. ஹார்ட்டு நின்னுபோச்சி" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

சாயங்காலம் உன் வீட்டில் பாஸ்டரைத் தனியே கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ கெஞ்சுகிற குரலில், "முழுசா நனைஞ்சிதாம்மா?" என்றார்.

காலையில் எதற்குப் பயந்து நான் கேட்டேனோ, அதையே அவர் ஆசையாகக் கேட்டார்.

"கழுத்துக்கு மேல" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "ஞானஸ்நானம் எடுத்த நம்ம சகோதரி" என்று ஆரம்பித்தார்.

அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் இப்போது நான் யாரோடும் வாதாடுவதில்லை. ஒரு கையால் உனக்குத் தண்ணீர் ஊற்றினேன், மறு கையால் அதைத் தடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எந்தக் கை உன்னைக் காப்பாற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.