நைட்டியும் கேட் வால்வும்

ஜூலை 9, செவ்வாய்

நேற்று நாமக்கல் போனேன். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள். எங்கள் மலை ஊராட்சியின் மேல்வளவுக்குத் தண்ணீர் லைன் கேட்டு மனு கொடுத்தேன். அங்கே நாற்பது குடும்பம் இன்னமும் ஊற்றில்தான் மொண்டு குடிக்கிறது. கலெக்டர் பொறுமையாகக் கேட்டார். கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள், செய்யலாம் என்றார்.

இன்று காலையில் பார்த்தால் யூடியூபில் நான்! சேந்தமங்கலத்தில் சேனல் நடத்தும் ரமேஷ்குமார் போட்டிருக்கிறான். 'பட்டுச் சேலையில் பவனி வந்த பஞ்சாயத்துத் தலைவர்'. மூன்று நிமிட வீடியோவில் முந்தானை மட்டும் நாற்பது நொடி. மனுவில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. அது பட்டே இல்லை, சில்க் காட்டன். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

ஜூலை 12, வெள்ளி

வம்பே வேண்டாம் என்று வெளுத்த நூல்சேலையைக் கட்டிக்கொண்டு ரேஷன் கடையைப் பார்க்கப் போனேன். மாலையில் வந்துவிட்டது: 'ஏழை வேடம் போடும் தலைவர்'.

கூட வந்த யூனியன் கவுன்சிலர் முருகானந்தம் வேட்டி கட்டியிருந்தாரா, பேண்ட் போட்டிருந்தாரா? எனக்கே ஞாபகமில்லை.

சுமித்ராதான் சிரிக்க வைத்தாள். மேல்வளவு வார்டு உறுப்பினர். நான் தலைவரான நாளிலிருந்து எனக்கு வலது கை. "விடுங்கக்கா. அவன் ஒருநா சேல கட்டிப் பாக்கட்டும். ரெண்டாவது வளைவுலயே தடுக்கி உழுவான்."

ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மேல்வளவுப் பெண்களை அவள்தான் கூட்டி வர வேண்டும். நூறு பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். ஜனவரியில் ஆள் சேராமல் கலைந்துபோனது. என் பதவிக்காலம் இந்த வருஷத்தோடு சரி. இந்த முறை விட்டால் அந்த லைன் அவ்வளவுதான்.

ஜூலை 15, திங்கள்

டேங்க் ஆபரேட்டர் சென்னியப்பன் ஆறு மணிக்கு வால்வு திறந்ததாகச் சொல்கிறான். ஏழரைக்குத்தான் தண்ணீர் வருகிறது. யாரை நம்புவது? நாளையிலிருந்து தினமும் வால்வு திறக்கும்போது போட்டோ எடுத்து ஊராட்சி வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும், அவன் முகமும் வால்வும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, என்னைய நம்பமாட்டீங்களா?" என்றான்.

மாட்டேன் என்றேன்.

ஜூலை 27, சனி

எழுதினால்தான் மனசு ஆறும்.

நேற்று காலை வால்வு இறுகிப்போய்விட்டது என்று சென்னியப்பன் வந்து கூப்பிட்டான். வீட்டுக்காரர் மிளகு மூட்டையோடு சேந்தமங்கலம் போயிருந்தார். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்பேனரோடு ஓடினேன். நானும் அவனும் மாற்றி மாற்றித் திருகித்தான் திறந்தோம். ஊருக்கே தண்ணீர் போனது.

இன்று ரமேஷ்குமார் போட்டிருக்கிறான்: 'நைட்டியில் வலம் வரும் தலைவர்! மலைமக்கள் முகம் சுளிப்பு'. குனிந்து திருகுகிற படம். துண்டு ஒரு பக்கம் நழுவியிருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. சீ! என் மகள் நாமக்கல் ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி அழுகிறாள்.

எந்த மலைமக்கள் முகம் சுளித்தார்கள்? குழாயடிக்கு வருகிற எல்லாரும் நைட்டியில்தானே வருகிறார்கள்?

வீட்டுக்காரர் பட்டாபட்டி டிராயரோடு வாசலில் நின்றுகொண்டு சொல்கிறார், "வெளிய போறப்ப ஒழுங்கா உடுத்திக்கிட்டுப் போறதுக்கென்ன?"



யார் எடுத்தது? படத்தின் ஓரத்தில் சென்னியப்பனின் தோள் பாதி தெரிகிறது. அவனே படத்தில் இருப்பதால் அவன் எடுத்திருக்க முடியாது. படம் எடுத்த பக்கம் பலாமரம். மரத்தடியில் யார் நின்றது — சுமித்ரா. பள்ளிக்கூட விஷயமாகப் பேச வந்தவள். கையில் போன் இருந்தது. நான் பார்த்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு மரத்தடில போன வெச்சிக்கிட்டு என்ன பண்ணுன?"

"எங்கூட்டுக்காரருக்குப் பேசுனேன்க்கா. ஏன்?"

"படம் உங்கிட்டருந்துதான் போயிருக்குது."

அவள் கையிலிருந்த கிண்ணத்தைத் திண்ணையில் வைத்தாள். "நீங்களாக்கா கேக்கறீங்க?"

"அடுத்த எலக்சனுக்கு நீ நிக்கப்போறேன்னு பேசிக்கறாங்களே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

கொண்டுவந்த பலாச்சுளைக் கிண்ணத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். போகட்டும். பொய் சொல்கிறவளுக்குத்தான் கோபம் சட்டென்று வரும்.

ஜூலை 31, புதன்

சுமித்ரா வரவில்லை. தப்புச் செய்யாதவள் என்றால் இந்நேரம் வந்து சண்டையாவது போட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

யூனியன் ஆபீஸ் போக மூன்று சேலை மாற்றினேன். முதலாவது பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது பழசு. மூன்றாவது ஜாக்கெட்டுக்கு ஒத்துவரவில்லை என்பான். பஸ்ஸில் போனை எடுத்தவர்களை எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். ஒருத்தன் சும்மா மணி பார்த்திருப்பான். அவனையும் முறைத்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறதா?

ஆகஸ்ட் 10, சனி

எப்படி எழுதுவேன் இதை.

ஜூலை மாத வால்வு போட்டோக்களை யூனியன் ஆபீஸில் கேட்டார்கள். குரூப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஜூலை 26, காலை 6.10. கையை நீட்டி எடுத்த செல்ஃபி. முன்னால் சென்னியப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். பின்னால் நைட்டியில் குனிந்தபடி நான். அவன் முகத்தை வெட்டிவிட்டுத் தோளை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறான் அந்தப் பாவி ரமேஷ்குமார். அதே படம். படத்துக்குக் கீழே ஒரு கட்டைவிரல். நான் போட்டது! பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் தினமும் போடுவதுபோல் போட்டிருக்கிறேன்.

ரமேஷ்குமாரை அந்த குரூப்பில் சேர்த்தது யார்? நான்தான். நாம் செய்கிற வேலை நாலு பேருக்குத் தெரியட்டும் என்று ஜனவரியில் சேர்த்தேன்.

சென்னியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீங்கதானுங்க மூஞ்சியும் தெரியோணும்னீங்க. நான் படத்தப் போட்டதோட சரி. யூட்டூப்பெல்லாம் நானெங்கீங்க பாக்கறேன்?" என்றான். அவன் மேல் என்ன தப்பு?

சுமித்ராவை என்னவெல்லாம் சொன்னேன். ஐயோ.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மேல்வளவுக்குப் போக வேண்டும் என்று கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவிட்டேன். என் மனதில் முதலில் வந்தது அவள் முகம் இல்லை. பதினைந்தாம் தேதி பெண்கள் வருவார்களா என்பதுதான். அதோடு போய் எப்படி மன்னிப்புக் கேட்பது?

ஆகஸ்ட் 15, வியாழன்

பத்து மணிக்கு நாற்பத்தாறு பேர்தான். பத்தரைக்கு மேல்வளவிலிருந்து வந்தார்கள். எழுபது பேர் இருக்கும். அத்தனை பெண்களும் நடந்தே வந்திருக்கிறார்கள். சுமித்ரா கடைசியில் வந்து கடைசியிலேயே உட்கார்ந்தாள்.

தீர்மானம் நிறைவேறியது. பிறகு மைக்கிலேயே சொன்னேன். அந்தப் படம் நம் குரூப்பிலிருந்துதான் போனது, அவனைச் சேர்த்தது நான், அநியாயமாகச் சுமித்ராவைச் சந்தேகப்பட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டு மற்றவர்களோடு போய்விட்டாள்.

ரமேஷ்குமாரை எல்லார் முன்னாலும் குரூப்பிலிருந்து நீக்கினேன். அவன் பாட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

'முந்தானையால் கண்ணீர் துடைத்த தலைவர்'. தண்ணீர் லைன் பற்றி ஒரு வரி கிடையாது. பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். கோபம்கூட வரவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கைக்குக் கிடைத்த சேலையைக் கட்டிக்கொண்டு மேல்வளவுக்கு ஏறினேன்.

சுமித்ரா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாங்க தலைவருங்க," என்றாள். உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இந்த வீட்டில் நான் ஒருநாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணு" என்றேன்.

"பரவால்லீங்க."

"தீர்மானத்த அனுப்பியாச்சு. லைன் வந்துரும்."

"வரட்டுங்க. எங்க சனத்துக்கு நல்லதுதானுங்க."

காபி கொடுத்தாள். மகளைப் பற்றி விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் ஒரு ங்க. அக்கா என்று ஒரு தடவைகூட வரவில்லை. கிளம்பியபோது பாதை முனை வரைக்கும் கூட வந்து, ஆபீசர்களை அனுப்பி வைக்கிற மாதிரி, கும்பிடு போட்டு அனுப்பினாள்.