கம்பளி ஒத்துக்கொள்ளாதவன்

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் வந்தான். ஹாலில் மகளோடு கேரம் ஆடினான். பிரிந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. காலை நீட்டி உட்காருகிற அந்தத் தோரணை மட்டும் மாறவில்லை. அவன் இப்போது அந்தப் பல் டாக்டரோடு இருக்கிறான். “அவங்க வீட்டுக்கு நான் வரமாட்டேன்” என்று மகள் சொல்லிவிட்டதால்தான் ஞாயிறுதோறும் இங்கே வருகிறான். அவள் வாயிலிருந்து அது வந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்.

கிளம்பும்போது சொல்கிறான்: “தரை சில்லுனு இருக்கு. ஏதாவது வாங்கி விரிக்கக் கூடாதா? குழந்தை உட்கார்ற இடம்.”

சோபாவை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போனவன் சொல்கிறான்.

வாங்குகிறேன். நன்றாக வாங்குகிறேன்.

மார்ச் 5, செவ்வாய்

வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தபோது ஞாபகம் வந்தது. கம்பளி பட்டால் அவனுக்குக் கழுத்தெல்லாம் தடித்துப்போகும். தும்மல் வேறு. தேன்நிலவில் ஓட்டல் போர்வையைத் தொடாமல் விறைத்துக்கொண்டு கிடந்தான்.

நாள் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரி என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 9, சனி

அண்ணியோடு விரிப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிந்தெடிக், கம்பளி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

“சிந்தெடிக்னா எது கொட்டினாலும் தொடைச்சா போச்சு. ஆனா சீக்கிரம் அமுங்கிடும். கம்பளி அப்படியில்லம்மா, மிதிச்சாலும் எழுந்துக்கும். என்ன, ஆரம்பத்துல கொஞ்சம் பிசிறு உதிரும்.”

“நிறைய உதிருமா?”

“தொந்தரவுதான்.”

“பரவாயில்ல.”

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “குழந்தை இருக்கற வீடு. சிந்தெடிக்கே எடு.”

“வீட்டுல யாருக்காவது கம்பளி ஒத்துக்காதா?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

வெளியே வந்ததும் அண்ணி, “இவ்வளவு வன்மம் உனக்கு ஆகாதுடி” என்றாள்.

ஆகும். எனக்கு நன்றாகவே ஆகும்.

மார்ச் 10, ஞாயிறு

முதல் ஆட்டம் முடிவதற்குள் கழுத்தைச் சொறிய ஆரம்பித்துவிட்டான்.

“இது கம்பளியா?”

“ஆமா. நீங்கதானே தரை சில்லுனு இருக்குன்னீங்க.”

“எனக்கு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியும்.”

“நீங்க இந்த வீட்டு ஆளா?”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனான். மதியம் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். ஒரு வருடமாக இப்படிப் பசித்ததில்லை.

மார்ச் 17, ஞாயிறு

மாத்திரை போட்டுக்கொண்டு வந்தான். அரைத் தூக்கத்தில் ஆடினான். மகள் ஜெயித்தாள். நானும்.

மார்ச் 24, ஞாயிறு

வாசலோடு நின்றுவிட்டான். மகள் கேரம் போர்டைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படியில் வைத்தாள். காய்கள் சரிந்து சரிந்து ஓடின. எதிர்வீட்டுக்காரர் மளிகைப் பையோடு இருவரையும் தாண்டிப் போனார். கதவிடுக்கில் பார்த்தேன் — கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான். இன்னும் கொஞ்சம் கூனட்டும்.

உள்ளே வந்தவள், “அந்த விரிப்பை மாத்தும்மா. அப்பா பாவம்” என்றாள்.

பாவமாம். அவன் போன அன்னிக்கு மூஞ்சியக் கழுவிட்டு வந்து உனக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினேனே, அப்போ யாருடி பாவம்? — இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

“மாத்த முடியாது” என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

“நான் அங்கயே போய் விளையாடிட்டு வரேன்” என்று செருப்பைப் போட்டுக்கொண்டாள். அவன் கீழே நின்றிருந்தான். தடுக்க என்ன காரணம் சொல்வது?

சாயங்காலம் கேட்டேன். “அந்த ஆன்ட்டி என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. என் பல்லைப் பார்த்தாங்க. அழகா தேய்க்கறேன்னாங்க.”

தேய்க்கக் கற்றுக்கொடுத்தவள் நான்.

ஏப்ரல் 21, ஞாயிறு

போனாள். கேரம் போர்டும் போய்விட்டது.

ஏப்ரல் 27, சனி

கம்பளத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். ஒரு பிசிறு இல்லாமல் ஹாலைத் துடைத்தேன். கடைக்குப் போய் சிந்தெடிக் ஒன்று எடுத்து வந்து விரித்தேன். நீலம். கை வைத்தால் பிளாஸ்டிக் பையைத் தடவுகிற மாதிரி இருக்கிறது. அவன்மேல் இரக்கப்பட்டுச் செய்யவில்லை. அது எனக்கு வரவே வராது.

“அப்பாவை நாளைக்கு இங்கயே வரச் சொல்லு. தும்மல் வராது” என்றேன்.

மகள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். “நல்லா இருக்கும்மா. ஆனா நாளைக்கு நாங்க மிருகக்காட்சி சாலைக்குப் போறோம்.”

நாங்க.

“வெயிலா இருக்கும். தொப்பி எடுத்துக்கோ” என்றேன்.