ஹார்க்ரோவ் துரைக்கு இரண்டு பக்கம், காஜா மொய்தீனுக்கு ஒரு வரி

பினாங்கு
18-6-1934

அன்பு மகள் தனலெட்சுமிக்கு,

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் தனம். முதல் வரியே இப்படி இருக்கிறதே என்று பயந்துவிடாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை. நான், அம்மா, உன் தம்பி சுப்பையா மூவரும் குறையில்லாமல்தான் இருக்கிறோம், நீயும் அந்தச் சென்னை வெயிலில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிட்டு வருகிறாய் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் பசாருக்கு நடந்துதான் போவேன் என்கிறாள், திரும்பும்போது மட்டும் மீன்கூடையோடு ரிக்ஷாவில் வந்து இறங்கி, கால் நல்லாத்தான் இருந்திச்சு கூடைதான் கனத்துப் போச்சு என்று என்னிடமே சொல்கிறாள். சுப்பையாவுக்குக் கிடங்கு வேலை நிலைத்திருக்கிறது, ரப்பர் விலை கொஞ்சம் ஏறியிருப்பதால் இனி ஆபத்தில்லை என்கிறான். ஆள்குறைப்பு என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியது போல அவனை அனுப்ப மாட்டார்கள், அவன் மேலதிகாரிகளோடு வாதாடுகிறவன் அல்ல, அந்தக் குணம் அம்மா வழியில் வந்தது.

உன் கடிதம் போன கப்பலில் வந்தது. அங்கே உங்கள் சங்கத்தார் காலமாகிப் போன குற்ற சாஸ்திர அறிஞர்களின் வாழ்க்கையையும் பணியையும் நினைவுகூர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள் என்றும், சென்ற வருஷம் காலமான டாக்டர் ஹார்க்ரோவ்தான் அதில் முதன்மை என்றும், நீ பினாங்குப் பெண் என்பதால் அவர் இங்கே சிறை டாக்டராக இருந்த காலத்தை இரண்டு பக்கத்தில் எழுத உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். மலர்க் கமிட்டித் தலைவர்தான் உன்னைச் சிறுமியர் சீர்திருத்த விடுதியில் நிரந்தரமாக வைப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போகிறவர் என்பதையும் எழுதியிருந்தாய். அப்பா, நீங்கள் துரையோடு வேலை பார்த்தவர்தானே, நல்லதாக நாலு சம்பவம் எழுதி அனுப்புங்கள், கீழே உங்கள் கையெழுத்தும் பழைய உத்தியோகப் பெயரும் இருந்தால் அப்படியே அச்சிடுவார்களாம் என்று கேட்டிருந்தாய். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்ததைப் பார்த்து அம்மா அடுப்படியிலிருந்து, என்ன, பொண்ணு அங்கியே மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்துட்டாளா, ஏன் மொகம் இப்படிப் போவுது என்று கேட்டாள். அதுவாக இருந்தால் நான் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன்.

நல்லதாக நாலு கேட்டாய், மூன்று தருகிறேன். மூன்றும் உண்மை, தாராளமாக எழுது. கைதிகள் கால் வீங்கி மூச்சடைத்துச் செத்துக்கொண்டிருந்த நாளில், தீட்டிய அரிசிதான் காரணம் என்று மேலிடத்தோடு மல்லுக்கு நின்று புழுங்கலரிசிக்கு மாற்ற வைத்தவர் அவர், மாற்றிய பிறகு அந்தச் சோற்றையே தானும் தட்டில் வாங்கி எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார். இரண்டாவது, சிறை ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன் காலில் விலங்கு இருக்கக் கூடாது என்று கழற்றச் செய்தார். மூன்றாவது நீ. கைக்குழந்தையாக இருந்தபோது உனக்கு மாந்தம் வந்து கண் சொருகிவிட்டது, நான் ஆள் விட்டனுப்பியதும் கொட்டுகிற மழையில் ரிக்ஷாவில் வந்து, நாற்காலி இல்லாத நம் வீட்டில் பாயில் உட்கார்ந்து, உன் மூச்சு சீராகும் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு காசு வாங்கவில்லை. நீ பிழைத்தது அவர் கையால்தான், அதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை, இனியும் மறைக்க மாட்டேன்.

ஆனால் அவரை டாக்டராக நினைவுகூர்ந்தால் நான் எழுந்து நிற்பேன், குற்ற சாஸ்திர அறிஞராக நினைவுகூரச் சொன்னால் உட்கார்ந்தபடியே இருப்பேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த என்னை வாரத்தில் ஒருநாள் சிறைக்கு இரவல் வாங்கிக்கொள்வார். வளைந்த கால் வைத்த பித்தளைக் கவராயம் ஒன்று வைத்திருந்தார், அதைக் கைதியின் தலையில் இரண்டு பக்கமும் வைத்து அளந்து எழுதிக்கொண்டே, நீ என்ன குற்றம் செய்தாய், ஏன் செய்தாய் என்று கேட்பார், நான் தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒருநாள் அய்யாக்கண்ணு என்று ஓர் ஆள். அக்கரையில் பத்து காவான் என்ற ஊர்க் கரும்புத் தோட்டத்துக் கூலி, ஒப்பந்தத்தில் வந்தவன், அது மூன்றாவது தண்டனை. என்ன குற்றம் என்றதற்கு, தோட்டத்த விட்டு ஓடிட்டேனுங்க என்றான். ஏன் என்றதற்கு, பொஞ்சாதி பெரிய ஆஸ்பத்திரியில புள்ள பெத்துக் கெடந்தாளுங்க, கங்காணி சீட்டுக் குடுக்கல, போய்ப் பாத்துட்டு நானாத்தான் திரும்பி வந்தேன், வாசல்லயே புடிச்சிட்டாங்க என்றான். கூலி வேலையை விட்டுச் சொல்லாமல் போனால் சிறை, அன்றைய சட்டம் அது. துரை கவராயத்தை அவன் நெற்றிப் பொட்டில் வைத்தார், பித்தளை சில்லிட்டிருக்கும் போல, அவன் என்னைப் பார்த்து, என்ன சாமி, தொர எனக்குத் தொப்பி தச்சுக் குடுக்கப் போறாரா என்று கேட்டான். காவல்காரன்கூடச் சிரித்துவிட்டான். அவன் சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தேன், அதுதானே என் வேலை. துரை சிரிக்கவில்லை. மூன்று முறை தண்டனை, பழகிய குற்றவாளி, செய்த குற்றத்துக்கு வருத்தமில்லாமல் கேலி பேசும் புத்தி என்று எழுதினார். மனைவியைப் பற்றி ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. அது சார் என்று நான் இழுத்ததற்கு, அளவுக்குச் சம்பந்தமில்லை என்றார். இப்படி அளந்த தலைகளை வைத்துத்தான் அந்தப் புத்தகம் வந்தது, இந்த நாட்டில் உள்ள எல்லாச் சாதியாரிலும் தமிழனுக்கே குற்றப் புத்தி அதிகம், அது மண்டையிலேயே இருக்கிறது என்று அட்டை போட்டு விற்றார்கள்.

இப்போது காஜா மொய்தீன். உன் கமிட்டியார் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். இங்கே இங்கிலீஷ் பள்ளியில் வாத்தியார், கல்கத்தாவில் பி.ஏ. முடித்தவர், அதை நாம் மறக்கவும் விடமாட்டார். கோட்டுப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுதுவதற்கு, ஒன்று மற்றவர் பார்ப்பதற்கு. என் இங்கிலீஷ் அகராதியை இரவல் வாங்கிக்கொண்டு போய்க் கடைசிவரை தரவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. துரையை மலாய்க்காரர் போலத் துவான் என்றுதான் சொல்வார், அந்தத் துரையோடு நான் போய் வருவதால் என்னைக் கண்டதும், ஓய், துவானோட கிளி வருது, கொய்யாப்பழம் இருந்தா எடுத்து வையுங்க என்று கடைத்தெரு முழுதும் கேட்கும்படி கத்துவார். ஆனால் அவர் செய்த வேலையை இந்தத் தீவில் வேறு யாரும் செய்யவில்லை. துரை மண்டையை அளந்தார், இவர் போய்க் கேட்டார். தோட்டத்துக்குள் வெளியாளை விடமாட்டார்கள் என்பதால் கைலி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு துணி வியாபாரி போல நீராவிப் படகில் அக்கரைக்குப் போவார், பத்து காவான் முதல் தாசேக் கெலுகோர் வரை கூலிகள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, சிறைக்குப் போய் வந்தவர்களிடம் ஏன் ஓடினாய், எங்கே போனாய் என்று விசாரிப்பார். வியாபாரம் தெரியாத மனிதர், வாங்கிய விலைக்கும் கீழே விற்றுவிட்டு வருவார், அவர் மனைவி நூர் பீவி, இன்னும் ரெண்டு தோட்டம் ஆராய்ச்சி பண்ணுனீகன்னா நாம கட்டிக்கக் கைலி இருக்காது என்று சண்டை போடுவார். ஓடியவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும், அடிக்குப் பயந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் போனவர்கள். அதற்குப் பிறகு யாரும் வாங்கிப் படிக்கக் கூடிய சர்க்கார் சிறை அறிக்கையை எடுத்து, வேலையை விட்டுப் போனதற்கும் வேலைக்கு வராததற்கும் உள்ளே இருப்பவர்களைத் தனியே பிரித்துக் காட்டினார். அவர்களை எடுத்துவிட்டால் தமிழன் மற்றவனைவிட ஒரு குண்டுமணிகூட அதிகக் கெட்டவன் இல்லை. திருட்டும் கொலையும் குற்றம், பெண்டாட்டியைப் பார்க்கப் போனது எப்படிக் குற்ற சாஸ்திரத்தில் சேரும் என்பதுதான் அவர் கேள்வி.

அதை இங்கே இலக்கியக் கழகக் கூட்டத்தில் கட்டுரையாகப் படித்தார். முன்வரிசையில் ஹார்க்ரோவ் துரை. படித்து முடித்ததும் துரை எழுந்து, நீர் எந்தப் பல்கலைக்கழகத்தில் குற்ற சாஸ்திரம் பயின்றீர் என்று கேட்டார். துவானுடைய கவராயம் எந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்றதோ அதே இடத்தில்தான் என்றார் இவர். சிரிப்பு அடங்கியதும் துரை என் பக்கம் திரும்பி, நீதானே பக்கத்தில் இருந்தாய், அவர்களில் யாராவது தன் குற்றத்தை மறுத்தானா சொல் என்றார். எழுந்து நின்றேன், யாரும் மறுக்கவில்லை சார், வீட்டுக்குப் போனதை எவன் மறுப்பான் என்றேன். கூட்டம் கலைந்து வெளியே வரும்போது துரை படிக்கட்டில் என்னை நிறுத்தி, உன் குழந்தைக்கு மருந்து கொடுத்த கை இது என்று கையை நீட்டிக் காட்டினார். ஆயுசுக்கும் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன் சார், அதை நான் அடைக்கிறேன், அய்யாக்கண்ணு ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்டேன். அந்த மாதமே என்னை அக்கரையில் ஒரு சின்னக் கோர்ட்டுக்குத் தூக்கிப் போட்டார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த பக்கிரிசாமி தலைமை மொழிபெயர்ப்பாளன் ஆனான், சாட்சி அழுதால் சாட்சி சம்மதிக்கிறார் என்று மொழிபெயர்க்கிற ஆள், இன்றைக்கும் டிராமில் பார்த்தால் இரண்டு விரலைத் தூக்கி எனக்கு சலாம் வைக்கிறான். அந்த விரல்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை, வர வேண்டும் என்று முயன்றதும் இல்லை. உங்கள் படிப்பு முடியட்டும் என்று அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

காஜா மொய்தீன் அந்தப் பெரிய விஷக்காய்ச்சல் வருஷத்தில் போய்விட்டார். கழகத்தார் அவர் கட்டுரையை அச்சிடவில்லை, செத்ததற்கு ஒரு பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. பிறகு சில வருஷத்தில் சர்க்காரே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது, வேலையை விட்டுப் போகிறவனுக்குச் சிறை இல்லை, சிறையில் தமிழர் கூட்டமும் குறைந்துபோயிற்று. அதற்குள் ஹார்க்ரோவ் சென்னைக்கு மாற்றலாகிப் பெரிய பேராசிரியர் ஆகியிருந்தார். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் என்ன எழுதினார் தெரியுமா, சிறையின் கட்டுப்பாட்டாலும் நல்ல உணவாலும் தமிழ்க் கூலியின் குற்றப் புத்தி மட்டுப்பட்டிருக்கிறது என்று. சட்டத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்ததும் நம் மண்டையோடு திருந்திவிட்டது பார். உங்கள் சங்கத்தில் அந்தப் பதிப்பைத்தான் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நீயே போன வருஷம் எழுதினாய். நாளைக்கு உன் விடுதியில் ஒரு சிறுமியின் தலையில் யாராவது கவராயம் வைத்தால் அதற்கு அத்தாட்சி இந்தப் புத்தகம்தான், அதன் கீழே உன் இரண்டு பக்கமும் இருக்கும்.

ஆகையால் நான் சொல்வது இதுதான். அரிசியை எழுது, விலங்கை எழுது, உன்னைப் பிழைக்க வைத்ததையும் எழுது. அதே பக்கத்தில், துரையின் முடிவு தவறு என்று அவர் உயிரோடிருந்தபோதே பினாங்கில் காஜா மொய்தீன் என்ற அறிஞர் காரணத்தோடு காட்டினார் என்று ஒரே ஒரு வரி எழுது. அந்த வரியை வெட்டினால் இரண்டு பக்கத்தையும் திருப்பி வாங்கிக்கொள். வேலை போகும் என்கிறாயா, போகட்டும். அம்மா இதற்கு ஒப்பவில்லை, நீங்க அக்கரைக்குப் போனது போதாதா, அவளையும் ஏன் தண்ணியில தள்ளுறீங்க, செத்தவங்க சண்டைய செத்தவங்களே பாத்துக்கட்டும் என்று கரண்டியை வைத்துவிட்டுப் பேசினாள். அவள் சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன், இரண்டையும் யோசித்துப் பார். போன வெள்ளிக்கிழமை நூர் பீவியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். அவுக பேரு அச்சுல வந்தா எங்கிட்ட கொண்டாந்து படிச்சுக் காட்டுங்கண்ணே, ஒங்க அகராதியத் தேடி எடுத்து வைக்கிறேன் என்றார். பதினாறு வருஷமாகக் கேட்காத அகராதி, அதை நம்பி நீ அவசரப்பட வேண்டாம். நன்றிக்கடன் என்று உன்னிடமும் யாராவது கையை நீட்டிக் காட்டுவார்கள், அப்போது நான் படிக்கட்டில் சொன்னதை நினைத்துக்கொள். வேலை போனால் கப்பலேறி வந்துவிடு, உன் அறையில் சுப்பையாவின் சைக்கிள் நிற்கிறது, எடுத்துவிடச் சொல்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடும் யாருக்கும் தலைகுனியாத வாழ்வோடும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை விட்டுவிடாதே, மலர் அச்சுக்குப் போகும் முன் கடைசித் திருத்தத்தை உன் கண்ணால் பார்த்துவிடு, வெட்டுகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வெட்டுவார்கள். கையெழுத்துக் கேட்டாய், அதற்கு மட்டும் மன்னித்துக்கொள். இந்தக் கடிதத்தை நீ கமிட்டிக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. யார் எழுதியது என்று ஊகிப்பார்கள், ஊகிக்கட்டும். ஆனால் கீழே ஒரு பெயரைப் பார்த்துவிட்டால் உடனே என் பழைய பைலை எடுத்து, பதவி கிடைக்காதவன், மாற்றப்பட்டவன், ஆள்குறைப்பில் போனவன், மூன்று முறை, பழகிய குற்றவாளி என்று அளந்து எழுதிவிட்டு, அய்யாக்கண்ணுவை மறுபடியும் விட்டுவிடுவார்கள். தலை இல்லாத கடிதத்தில் கவராயத்தை எங்கே வைப்பார்கள், சொன்னது மெய்யா பொய்யா என்றுதான் பார்த்தாக வேண்டும். கீழே இவ்வளவு இடம் விட்டிருக்கிறேன், அதில் ஒன்றும் எழுதப் போவதில்லை. இப்படியே மடித்து, நானே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன்.