குவோக் போ, அல் கூஸ் முதல் தேரா வரை

6.9.96, வெள்ளி
மீனாம்பாளின் கேசட் வந்தது. ஊரிலிருந்து துபாய் வருகிறவர்கள் தொண்டிக்காரர் செய்கு முகம்மதுவின் தேராக் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள். மறுபடியும் புதுக் கேசட்! நான் பேசி அனுப்பியதையே அழித்துப் பேசு என்று எத்தனை முறை சொல்வது? நான் அப்படித்தானே செய்கிறேன்? அவள் பேசியதை மூன்று தரம் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புகிறேன். இவள் ஊதாரி.

குரல்தான் சோர்வாக இருக்கிறது. "சோறு எறங்க மாட்டேங்குதுங்க. வெயிலா இருக்கும்."

12.9.96
பதிந்து முடித்தேன். இரண்டு பக்கமும் பேசியும் டேப் மிஞ்சியது. வீணாக்குவானேன் என்று துங் கதையைச் சொன்னேன். துங் எங்கள் அல் கூஸ் கேம்ப்பில் இருக்கும் வியட்நாம்காரன், வெல்டர். வெள்ளிக்கிழமை கேம்ப் பஸ் கிடையாது. தேராவுக்கு நடராஜா சர்வீஸ்தான். நெடுந்தூரம் நடப்பதை அவன் ஊரில் 'குவோக் போ' என்பார்களாம். குவோக் என்றால் மண்வெட்டி. வெட்டுகிற மாதிரி கையை ஓங்கி, வெட்டுக்கு ஓர் எட்டாக கேம்ப் முழுக்க நடந்து காட்டினான். கண்மாய்க்கரையில் உன் அப்பா நடப்பது போலவே என்று சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னேனா?

13.9.96, வெள்ளி
துங்கோடு மூன்று மணி நேரம் குவோக் போ. பர்துபாயில் அப்ராப் படகு ஏறித் தேரா. கேசட்டைக் கொடுத்தாயிற்று. செய்கு பாயின் மச்சினர் 24-ம் தேதி ஊருக்குப் போகிறார்.

21.9.96
மீனா போய்விட்டாள்.

மஞ்சள் காமாலை. வியாழக்கிழமையாம். ஆபீசுக்குப் போன் வந்து, ஃபோர்மேன் சேதுராமன் வந்து சொன்னார். உடலையும் எடுத்துவிட்டார்களாம். லீவு கேட்டேன். "இன்னும் ரெண்டு வருஷம் முடியலையேப்பா. ஆபீஸ்ல மாஃபி, கிடையாதுன்னுட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்?"

நான் என்ன பண்ணுவேன்? சோறு எறங்கலன்னு சொன்னாளே. வெயிலாம். நானும் நம்பித் தொலைச்சேனே —

22.9.96
டூட்டிக்குப் போகவில்லை. செய்கு பாய் கடையில் இருக்கும் அந்தக் கேசட்டில் ஓர் ஓரத்திலாவது அவள் குரல் மிஞ்சியிருக்காதா? டாக்ஸி பிடிக்கக்கூடத் தோன்றவில்லை, விடிந்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டேன். பாதி வழியில் பார்த்தால் பின்னால் துங், ஹெல்மெட்டோடு. அவனும் டூட்டியை விட்டுவிட்டு வந்திருக்கிறான். தண்ணீர் பாட்டிலை மட்டும் நீட்டிக்கொண்டே வந்தான்.

செய்கு பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார். "இங்கனயே உக்காந்து கேளுங்க தம்பி."

இரண்டு பக்கமும் கேட்டேன். நான்தான் பேசுகிறேன். முழுக்க நான்தான். கடைசியில் மண்வெட்டிக் கதை. நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே டேப் தீர்ந்தது.

24.9.96
வேலைக்குப் போனேன்.

8.11.96, வெள்ளி
கொழுந்தியாள் ராதிகாவின் கடிதம். 'மச்சான், நீங்கள் பேசி அனுப்பியதில் ஒன்றைக்கூட அக்கா அழிக்கவிடவில்லை. பீரோவில் பதினாறு கேசட் இருக்கிறது. நீங்கள் திட்டுவதைக்கூடப் போட்டுப் போட்டுக் கேட்கும். பாப்பா அப்பாவிடம் பேச வேண்டும் என்கிறாள். அதில் ஒன்றை அழித்துப் பதியட்டுமா?'

அதற்குத்தான் புதுசு புதுசாக வாங்கினாளா? பதினாறிலும் என் குரல். அவள் பேசியது எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும் நானே அழித்துவிட்டேன்.

பாப்பாவுக்குப் புதுக் கேசட் வாங்கச் சொல்லி எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுசே வாங்கட்டும். கடிதத்தைச் செய்கு பாயிடம் சேர்க்க வேண்டும். துங் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.