கை தூக்கி நின்றவன்

சேசு மரி சூசை

சிலிபின், ஈப்போ
28-12-1925

அன்புள்ள மச்சான் லூர்துசாமி அவர்களுக்கு மத்தியாஸ் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை கெர்ட்ரூடும் சுகம். உங்கள் சுகமும் கத்தரின் அக்கா சுகமும் அறிய ஆவலாக இருக்கிறோம்.

கிறிஸ்மஸுக்கு வருவீர்கள் என்று கெர்ட்ரூட் முறுக்கு டின்னை மூன்று நாள் யாரையும் தொடவிடவில்லை. நீங்கள் வராததால் கோபம் என் மேல் திரும்பிவிட்டது. லூமுட் என்ன கடல் தாண்டியா இருக்கிறது? மோட்டார் ஏறினால் அரை நாள்.

நம் சங்கத்துக் கால்பந்து விஷயமாகவும் உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். புது சீசன் மார்ச்சில் ஆரம்பம், முதல் ஆட்டமே லகாட் ஊர்ச் சங்கத்தாரோடு. கோலில் நான் இருக்கிறேன், அதில் கவலை இல்லை. எனக்கு முன்னால் நிற்கும் இரண்டு பேக்குகள்தான் தலைவலி. நீங்கள் போன பிறகு வலது பக்கம் கதவில்லாத வீடு மாதிரி கிடக்கிறது. பத்துமலை உதைத்தால் பந்து கிந்தா ஆற்றில்தான் விழும், ஆனால் அவன் திரும்பி ஓட மாட்டு வண்டி திரும்புகிற நேரம் ஆகும். அர்ச்சுனன் என்று தோட்டத்தில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டுகிறவன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். காற்றாய் ஓடுகிறான். சொன்னதை அப்படியே செய்வான், சொல்லாததைச் செய்யத் தெரியாது. யாரை எங்கே நிறுத்தலாம்?

நீங்கள் பார்த்த காரியதரிசி வேலையையும் நானே பார்க்கிறேன். போட்டிக் கமிட்டியிலிருந்து இங்கிலீஷ் காகிதம் எதுவும் வருவதில்லை. பட்டறைப் பிட்டரான எனக்கு அது பெரிய நிம்மதி, வந்தால் வாசிக்கவா தெரியும்!

ஆகஸ்டில் நடந்ததை மனதில் வைக்காதீர்கள். சபை என்றால் நாலு பேச்சு வரும், போகும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத
மத்தியாஸ்


சேசு மரி சூசை

லூமுட்
6-1-1926

மாப்பிள்ளை மத்தியாஸுக்கு லூர்துசாமி எழுதுவது. சர்வேசுரன் காப்பாற்றுகிறார், உயிரோடு இருக்கிறோம். படகுத்துறை ஜெட்டியில் கணக்கெழுதும் கிராணி வேலை. பங்கோர் மீன் வாடையில் கத்தரினுக்குத் தலைவலி நிற்கவில்லை. தங்கைக்கு என் ஆசீர்வாதம். முறுக்கை நீரே தின்னும்.

ஆகஸ்டில் நடந்ததை மனதில் வைக்காதே என்கிறீர். என்ன நடந்தது என்று மட்டும் எழுதவில்லை. மறந்திருப்பீர், நான் எழுதுகிறேன்.

இறுதி ஆட்டம். கடைசி ஐந்து நிமிஷம். லகாட்டான் ஒருவன் தப்பாய் உதைத்த பந்து சும்மா உருண்டு வந்தது. நான் ஒரு எட்டு வைத்தால் அதை மலாயாவுக்கு வெளியே தள்ளியிருப்பேன். "விடு மச்சான், நான் பிடிக்கிறேன்"னு நீர் கத்தினீர். விட்டேன். உம்முடைய இரண்டு கைக்கும் நடுவில் அது உள்ளே போயிற்று. மறுநாள் கூட்டத்தில் நீர் எழுந்து நின்று, "லகாட்டான் வாங்கிக் கொடுத்த ஒரு புட்டி விஸ்கிக்கு லூர்துசாமி பந்தை விட்டுட்டான்" என்று சொன்னீர். நாற்பது பேர் முன்னால் என் பெயரைப் புத்தகத்தில் சிவப்பு மையால் அடித்தீர்கள். அடுத்த ஞாயிறு கத்தரின் பூசைக்குப் போகக் கதவைத் திறந்தால் நிலையில் செருப்பு மாலை. அது அவள் முக்காட்டில் இடித்தது. நாலு பேச்சு வரும் போகும் என்கிறீர். அந்தச் செருப்பு போகவில்லை, நாங்கள்தான் ஊரை விட்டுப் போனோம்.

பேக் வேண்டுமா? இதோ என் யோசனை. 17-ம் தேதி உங்கள் வருஷக் கூட்டம். எழுந்து நின்று ஒரே வாக்கியம் சொல்லும்: "விடச் சொன்னவனும் நான், தவறவிட்டவனும் நான்." சொன்ன சேதி வந்த அன்றே மோட்டார் ஏறி வலது பக்கம் நிற்கிறேன். வரும்போது என் டிரங்குப் பெட்டியில் இருக்கிற ஒரு காகிதத்தையும் கொண்டுவருவேன். இந்த சீசனுக்கு அது உமக்குப் பத்து பேக்குக்குச் சமம். இது சத்தியம்.

லூர்துசாமி


சேசு மரி சூசை

சிலிபின்
19-1-1926

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். இரண்டு தடவை எழுந்தேன். ஒரு தடவை ஜன்னலைத் திறக்கச் சொன்னேன், ஒரு தடவை தேநீர் கொண்டுவரச் சொன்னேன். அந்த வாக்கியம் மட்டும் வாயில் வரவில்லை.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? விடச் சொன்னவன் நான்தான். வெயில் கண்ணில் அடித்தது, பந்து கையில் வழுக்கியது. விஸ்கிப் புட்டி நானாகச் சொன்னது. அன்று சபையில் ஒருவன் "கேப்டன் என்ன செய்தார்"னு கேட்க வாயெடுத்தான், எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. அதை இப்போது போய்ச் சொன்னால் கேப்டன் பதவி போகும், பட்டறையில் சிரிப்பார்கள், உங்கள் தங்கை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? உங்களுக்கு எழுத்தில் ஒப்புக்கொள்கிறேனே, அது போதாதா? குடும்பத்துக்குள் இருக்கட்டும்.

பெட்டியில் காகிதம் என்று பயம் காட்டுவது உங்கள் பழைய வழக்கம். உங்களை எனக்குத் தெரியாதா!

பேக் விஷயத்தில் எனக்கே ஒரு யோசனை தோன்றியது. சென்டர் ஹாப் மாயாண்டியைப் பின்னால் இழுத்து, பத்துமலைக்கும் அர்ச்சுனனுக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக நிறுத்தினால் என்ன? எனக்கு முன்னால் ஒரு சுவர் இருந்த மாதிரி இருக்கும். பையன்கள் சிரிக்கிறார்கள். மாயாண்டி, "நான் என்ன கோல் கம்பத்துக்குக் காவலா லா?" என்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். கோபத்தைத் தள்ளிவைத்து, ஆட்டக்காரனாய்ப் பதில் எழுதுங்கள்.

மத்தியாஸ்


சேசு மரி சூசை

லூமுட்
27-1-1926

அன்பான மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்துப் பத்திரப்படுத்தினேன். நீர் சொல்வதும் சரிதான். குடும்பத்துக்குள் என்ன சபை, என்ன வாக்கியம்? என் கோபம் ஆறிவிட்டது. தங்கையிடம் சொல்லும், சந்தோஷப்படுவாள்.

ஆட்டக்காரனாய்க் கேட்டீர், ஆட்டக்காரனாய்ச் சொல்கிறேன். மூன்றாவது பேக் வேண்டாம். மாயாண்டி சிரித்தது நியாயம். அவனைப் பின்னால் இழுத்தால் நடு மைதானம் லகாட்டாருக்குச் சீதனம். நாம் மூன்று வருஷம் ஜெயித்தது எதனால்? என் வித்தையால். அதையே செய்யும்.

சட்டம் உமக்குத் தெரியும். பந்து உதைக்கப்படும்போது எதிராளிக்கும் நம் கோல் கோட்டுக்கும் நடுவில் நம் ஆட்கள் மூன்று பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் ஆப்சைட், கோல் செல்லாது. அதனால் பத்துமலையைக் கோலுக்குக் கிட்டே நிறுத்தும். அர்ச்சுனனை நடுக்கோட்டுக்கு அருகே ஏற்றிவிடும். எதிராளி அர்ச்சுனனைத் தாண்டிவிட்டான் என்றால் அவனுக்கு முன்னால் பத்துமலையும் நீரும் இரண்டே பேர்தான். ஆப்சைட்! அர்ச்சுனன் துரத்தவே கூடாது. நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்க வேண்டும், ரெப்ரி துரை ஊதிவிடுவார். சொன்னதை அப்படியே செய்கிறவன் என்றீரே, இதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. தினம் பழக்கும். இந்தக் கடிதத்தையே அவனுக்கு வாசித்துக் காட்டும்.

காகிதம் பற்றி எழுதியதை மறந்துவிடும். நீர் சொன்ன மாதிரி, பழைய வழக்கம்.

அன்புடன்,
லூர்துசாமி


சேசு மரி சூசை

சிலிபின்
9-3-1926

மச்சானுக்கு,

சனிக்கிழமை ஆட்டம். லகாட் ஏழு, நாங்கள் பூஜ்யம்.

முதல் கோல் விழுந்ததும் ரெப்ரி கண் மூடிக்கொண்டார் என்று நினைத்தோம். இரண்டாவதும் அப்படியே. அர்ச்சுனன் நடுக்கோட்டில் நின்று கையைத் தூக்குகிறான், லகாட்டான் அவனைத் தாண்டி நடந்தே வருகிறான், பத்துமலை திரும்புவதற்குள் பந்து வலையில். ஊதல் இல்லை. ஏழு தடவையும் அர்ச்சுனன் கை தூக்கினான். "ஆப்சைட்டு துரை, ஆப்சைட்டு லா!"ன்னு அவன் கத்த, பாடாங் மைதானம் முழுக்கச் சிரிப்பு.

முடிந்ததும் ரெப்ரி துரை என்னைத் தனியே அழைத்துச் சொன்னதை லகாட்டுக் கிராணி தமிழில் சொன்னான். சட்டம் போன வருஷமே மாறிவிட்டதாம். இனி எதிராளிக்கு முன்னால் மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர் இருந்தாலே போதுமாம். எல்லாச் சங்கத்துக் காரியதரிசிக்கும் நவம்பரில் காகிதம் போயிற்றாம். எங்களுக்கு வரவில்லை என்றேன். துரை கமிட்டிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். சிலிபின் காரியதரிசி, லூர்துசாமி. உங்கள் பெயரை எங்கள் புத்தகத்தில் அடித்த நான், கமிட்டிக்கு ஒரு வரி எழுதிப்போட மறந்திருக்கிறேன். தபால்காரன் உங்கள் பெயரைப் பார்த்து லூமுட்டுக்குத் திருப்பிவிட்டான். அப்போதுதான் உங்கள் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு யோசித்தேன். நான் உங்களுக்குச் செய்தேன், நீங்கள் எனக்குச் செய்தீர்கள். கணக்கு நேராகிவிட்டது. உங்களைக் காட்டிக்கொடுத்தால், காகிதம் ஏன் உங்களுக்குப் போனது என்ற கேள்வி வரும், அது என் தலையில் விழும். ஆகவே நேற்றுக் கூட்டத்தில் உங்கள் பெயரையும் எடுக்கவில்லை, என் பெயரையும் எடுக்கவில்லை. அர்ச்சுனனுக்கு லகாட்டில் ஒரு சித்தப்பன் இருக்கிறான். அதைச் சொன்னேன். மிச்சத்தைச் சபையே சொல்லிக்கொண்டது. அவன் பெயரை அடித்தாயிற்று. அவன் வீட்டு வாசலிலும் பழைய செருப்பைக் கட்டினார்களாம். தோட்டத்து ஆள், நாலு நாளில் மறந்துவிடுவான்.

நமக்குள் இனி ஒன்றும் இல்லை. பாஸ்குத் திருநாளுக்கு அக்காவை அழைத்துக்கொண்டு வாருங்கள். கெர்ட்ரூட் இப்போதே கோழிக்குச் சொல்லிவைத்துவிட்டாள்.

தங்கள்,
மத்தியாஸ்


சேசு மரி சூசை

லூமுட்
18-3-1926

மத்தியாஸ்,

இனி உன்னை நீர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்னால் சிலிபின்காரர் ஒருவர் ஜெட்டியில் சேதி சொன்னார். ஏழு கோல் என்றதும் வீட்டுக்கு வந்து கத்தரினை இரண்டு கோழி அடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். "வேண்டுதல்" என்றேன். ஒவ்வொரு கோலுக்கும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துச் சாப்பிட்டேன். ஏழு மாதத்தில் அன்றுதான் எனக்குச் சோறு ருசித்தது. அதை மறைக்கப் போவதில்லை.

போன ஞாயிறு மத்தியானம் வாசலில் ஒரு ஆள் நின்றான். மெலிந்த ஆள், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்தில் முழுகாமல் இருக்கிற மனைவி வீரம்மா. "லூர்துசாமி அண்ணன் வீடு இதுதானா?" என்றான். நான் அவனைப் பார்த்ததில்லை, ஆனாலும் யாரென்று தெரிந்துவிட்டது. நீ புதுச் சட்டத்தைச் சபையில் சொல்லவே இல்லை, அல்லவா? அவனுக்கு இன்னும் தெரியாது.

"நீங்க எழுதுன கடுதாசியப் படிச்சுக் காட்டித்தான் அண்ணே மத்தியாஸ் அண்ணன் சொல்லிக் குடுத்தாரு. ஒரு மாசம், மரம் வெட்டி முடிச்சதும் தினம் பழகுனேன். இவ எதிர்ல ஓடி வருவா, நான் கைய தூக்குவேன். ஒரு நாளும் தப்பல. அன்னிக்கி மட்டும் ஏண்ணே ஊதல? நான் லேட்டா தூக்கிட்டேனா?"

இதைத்தான் கேட்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறான். கோள் சொல்ல வரவில்லை, நியாயம் கேட்கவும் வரவில்லை. வாசலிலேயே நின்று, கையைத் தூக்கிக் காட்டி, சரியா அண்ணே, சரியா அண்ணே என்று கேட்டான். கத்தரின் என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். காகிதத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்து, அதில் இருந்ததைத் தமிழில் வாசித்தேன். வாசித்து முடித்ததும் அவன் என்னை அடித்திருக்கலாம். "அப்ப நான் லேட்டா தூக்கல" என்று வீரம்மாவிடம் சொன்னான். அவ்வளவுதான். பழத்தை வைத்துவிட்டு இரண்டு பேரும் மோட்டாருக்குப் போய்விட்டார்கள்.

கணக்கு நேராகிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். உன்னை ஏழு கோலுக்கு ஊர் நடுவில் நிறுத்தப் பார்த்தேன். நீ குனிந்துகொண்டாய், அடி அவன் மேல் விழுந்தது. உன் ஜனவரிக் கடிதம் கையில் கிடைத்த அன்றே அதைச் சபைக்கு அனுப்பியிருந்தால் என் பெயர் அன்றே சுத்தமாகியிருக்கும். எனக்கு அது போதவில்லை. நீ தோற்பதைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆகஸ்டில் நீ என்னைச் சங்கத்தை எதிரிக்கு விற்றவன் என்றாய். அப்போது அது பொய். இப்போது ஒரு சொட்டு விஸ்கி இல்லாமல் அதையே செய்து முடித்திருக்கிறேன்.

28-ம் தேதி குருத்து ஞாயிறு. பூசை முடிந்ததும் கூட்டம் கூடச் சொல்லி, கமிட்டிப் புத்தகத்தில் இருக்கிற என் பதவியைக் கொண்டு, எல்லாருக்கும் தனித்தனியே தபால் போட்டுவிட்டேன். அர்ச்சுனனுக்கும் போட்டிருக்கிறேன். நான் முதலில் எழுந்து, சட்டக் காகிதத்தை வாசித்து, இதை நான்கு மாதம் ஒளித்தவன் நான் என்று சொல்வேன். காறித் துப்பட்டும், துடைத்துக்கொள்கிறேன். அடுத்ததாக 19-1-1926 தேதியிட்ட உன் கடிதத்தை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். கெர்ட்ரூடிடம் அதற்குள் நீயே சொல்லிவிடு. என் வாயால் கேட்டால் அவளுக்கு இரண்டு பக்கமும் வலிக்கும்.

தப்பி ஓட நினைக்காதே. நீ வராவிட்டாலும் கடிதம் வாசிக்கப்படும். வந்தால் ஆகஸ்டில் நான் நின்ற அந்த ஜன்னல் ஓரத்தில் என் பக்கத்தில் வந்து நில். என் வீட்டு வாசலிலும் உன் வீட்டு வாசலிலும் செருப்பைக் கட்டட்டும். அர்ச்சுனன் வீட்டு வாசலில் இருப்பதை அவிழ்க்க வேண்டியவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

கோழிக்குச் சொல்லிவைக்க வேண்டாம். பாஸ்குவுக்கு நான் வரமாட்டேன்.

இப்படிக்கு,
ச. லூர்துசாமி
காரியதரிசி, சிலிபின் இந்தியர் கால்பந்துச் சங்கம்